எந்திரி, கிழவி

நான் எடுத்த படத்துக்கு ஊர் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சிரிக்க வைத்தவளே நான்தான். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

படம் இருபது நிமிடம். கல்லூரிக்குப் போகிற சாக்கில் ஊரைவிட்டு ஓடத் துடிக்கும் ஒரு பெண், அவளை அனுப்ப மனசில்லாத ஓர் அசட்டு அப்பா. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் வடக்கு மூலையில், உருளைக்கிழங்கு அறுவடைக்காகப் பள்ளிக்கூடத்தையே மூன்று வாரம் இழுத்து மூடும் ஊர் எங்களுடையது. இங்கே பிறந்தவள் வேறு எதைப் படமெடுப்பாள்? பாஸ்டனில் சினிமா சொல்லித்தரும் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பத்தோடு அதையும் அனுப்பினேன். இடம் கிடைத்துவிட்டது.

அசட்டு அப்பாவாக நடித்தவன் என் வகுப்புத் தோழன் ஜில். சட்டைக்குள் ஒரு தலையணை. சட்டை, தொப்பி, வண்டி எல்லாம் என் சொந்த அப்பா லியோ கொடுத்தவை. எதற்கு என்றுகூட அவர் கேட்கவில்லை. "சட்டையில ஒரு பட்டன் இல்லையே, பரவால்லயா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு ஆறு வயதானபோதே அம்மா போர்ட்லண்டில் வேறு வாழ்க்கை தேடிக்கொண்டாள். வீட்டில் நானும் அப்பாவும், கிழவி என்று அவர் கூப்பிடும் பழைய பிக்கப் வண்டியும்தான். கிழவி லேசில் கிளம்பாது. அப்பா டேஷ்போர்டை மூன்று தட்டுத் தட்டி, "எந்திரி, கிழவி. உருளைக்கிழங்கு தானா நடந்து வராது" என்பார். அறுவடை நாட்களில் காலை ஐந்து மணிக்கு என் கட்டிலிலும் அதே மூன்று தட்டு விழும். "எந்திரி, குட்டி. உருளைக்கிழங்கு தானா நடந்து வராது."

கட்டில் தட்டைப் படத்தில் வைக்கவில்லை. வண்டித் தட்டை நான்கு முறை வைத்தேன். நான்காவது முறை ஜில் வண்டியைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுவான்.

ஆகஸ்டில், மாதாகோவில் கூடத்தில் பீன்ஸ் விருந்துக்குப் பிறகு படத்தைப் போட்டார்கள். எனக்குத் தெரியாமல் பாதிரியாரிடம் பேசி ஏற்பாடு செய்தவர் அப்பாதான். இஸ்திரி போட்ட சட்டையோடு முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். முதல் தட்டுக்கே கூடம் அதிர்ந்தது. "டேய் லியோ, அச்சு அசல் நீதான்டா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் இரண்டு கையாலும் முழங்காலை இறுகப் பிடித்திருந்தார்.

மறுநாளிலிருந்து ஊரே நடிக்க ஆரம்பித்தது. பெட்ரோல் பங்கிலோ மளிகைக்கடை வாசலிலோ கிழவியைக் கண்டால் போதும், எவனாவது ஓடிவந்து பானெட்டை மூன்று தட்டுத் தட்டுவான். "எந்திரி, கிழவி!" கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. எங்கள் ஊரில் பிடித்த ஆளைத்தான் ஓட்டுவார்கள். அப்பா சிரித்துக்கொண்டே சாவியைத் திருகுவார். ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவர் வண்டியோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்.

"அப்பா, படம் பார்த்து மனசு கஷ்டப்பட்டீங்களா?"

"சேச்சே. சிரிப்புப் படம்தானே? எல்லாரும் சிரிச்சாங்கல்ல?" என்றவர், ஏற்கெனவே தடவிய ரொட்டியில் மறுபடி வெண்ணெய் தடவினார்.

பாஸ்டனுக்குக் கிளம்பும் நாள் நாலரைக்கே விழித்துவிட்டேன். எழவில்லை. போர்வையை இழுத்து மூடி, தூங்குகிறவளாக நடித்துக்கொண்டு கிடந்தேன். இந்த வருஷ அறுவடைக்கு நான் இருக்க மாட்டேன். அந்த மூன்று தட்டை இன்று விட்டால் எனக்குக் கிடைக்காது.

காலடிச் சத்தம் வாசல்வரை வந்து நின்றது.

"மரீஸ், மணி அஞ்சு."

அதுவரை அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

கிழவி வழக்கம்போல மக்கர் செய்தது. ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. அப்பா வாயே திறக்காமல் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"கிழவிகிட்ட சொல்லுங்கப்பா" என்றேன்.

"அதுக்கென்ன, காதா இருக்கு?"

நான்காவது முறை கிளம்பியது. ஏழு மணி நேரப் பயணத்தில் பாதி நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அவர் ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

விடுதியில் என் பெட்டிகளை மூன்றாம் மாடிக்கு அவரே சுமந்தார். "வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிர் வந்தா தொப்பி போட்டுக்க" என்றார். ஒரே ஒரு தடவை 'எந்திரி, குட்டி' சொல்லிவிட்டுப் போங்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்டு வாங்குகிற சங்கதியா அது? கட்டிப்பிடித்துக்கொண்டேன். கீழே இறங்கிப் போனார்.

ஜன்னலுக்கு ஓடினேன். அப்பா வண்டியில் ஏறினார். சாவியைத் திருகினார், கிளம்பவில்லை. இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். தெருவில் யாருமில்லை. வலது கை மெல்ல டேஷ்போர்டுக்கு மேலே போனது. அப்போது எதற்கோ அண்ணாந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். தட்டப்போன கை அப்படியே திரும்பி எனக்கு டாட்டா காட்டியது.

நானும் காட்டினேன். பிறகு திரைச்சீலையை இழுத்துவிட்டு, சுவரோடு சுவராக ஒதுங்கி நின்று கண்ணை மூடிக்கொண்டேன். இந்த ஒரு தடவையாவது அவரை யாரும் பார்க்காமல் இருக்கட்டும்.

கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கிழவி கிளம்பிப் போனது.