சுகிர்தாவுக்கு ஒரு டிரஸ்டி

உத்திரமேரூரில் உரக்கடை மாடியில் இருந்தது வக்கீல் தீபலட்சுமியின் அறை. படியேறியதும் சுகிர்தா வழக்கம்போல் வாசலிலேயே குந்திவிட்டாள். அப்பாவின் செருப்பு, அம்மாவின் செருப்பு, நடுவில் தன்னுடையது என்று ஒட்டி ஒட்டி வைத்தாள். முப்பத்தொரு வயதிலும் அவளுக்குப் பேச வருவது இருபது வார்த்தைதான். யாரைப் பிடிக்கும், பிடிக்காது என்பதைச் செருப்புகளை வைத்துத்தான் சொல்வாள். பிடித்தவர்களுடையது வரிசையில் சேரும். பிடிக்காதவர்களுடையது பறக்கும்.

முன்பு போய்ப் பார்த்த காஞ்சிபுரத்துப் பெரிய வக்கீலின் ஷூ குப்பைக்கூடைக்குள் போனது. "இதுக்கு எதுக்குங்க டிரஸ்ட்டு?" என்று அவர் சுகிர்தாவைக் காட்டிக் கேட்டிருந்தார். அந்த 'இது' அம்மா வளர்மதிக்கு இன்னும் ஆறவில்லை.

தீபலட்சுமி பொறுமையாக விளக்கினாள். காவாந்தண்டலத்து ஒன்றரை ஏக்கரும் வீடும் டிரஸ்டில் இருக்கும். வருமானம் சுகிர்தாவுக்கு மட்டும்.

"நீங்க ரெண்டு பேரும் இருக்கிற வரைக்கும் நீங்கதான் டிரஸ்டி. உங்களுக்கு அப்புறம் யாரு?"

அப்பா துரைராஜுக்குப் போன வருடம்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அந்தக் கேள்விக்காகவே வந்தவர்போல் உடனே சொன்னார். "எந்தம்பி மவன் கோகுல்ராஜ். கீழ கார்லதான் கீறான் மேடம்."

தீபலட்சுமி வளர்மதி பக்கம் திரும்பினாள்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"நல்ல புள்ளதான் மேடம். இவருக்கு நெஞ்சு வலி வந்தப்போ தூக்கிக்கினு ஓடனதே அவன்தான். ஆனா வூட்டுக்கு வந்தான்னா, இவ அவன் செருப்பத் தூக்கி மாட்டுத் தொட்டியில போட்டுடறா. ஒருதபா ரெண்டுதபா இல்ல."

"செருப்பப் பாத்தா டிரஸ்டி வைப்பாங்க?" துரைராஜுக்கு எரிச்சல் வந்தது. "நம்ம தோப்புல தேங்கா திருடனானே, அவன் செருப்பக் கூடத்தான் பக்கத்துல வச்சிக்கினா. தினம் முட்டாய் குடுத்தான்ல!"

வளர்மதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. தீபலட்சுமியும் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "கோகுல்ராஜ் சுகிர்தாகிட்ட என்ன பேசுவாரு?"

துரைராஜ் யோசித்தார்.

"பேசமாட்டான்," என்றார் கடைசியில், குரல் இறங்கி. "இன்னா பேசறதுன்னு அவனுக்குத் தெரியாது மேடம்."

தீபலட்சுமி பேனாவை மூடி வைத்தாள். "அந்தப் பேர இப்போ எழுதல. பத்திரத்துல அந்த இடத்த காலியா விட்டு வைக்கிறேன். ஒரு மாசம் பழகட்டும், அப்புறம் பதிவு பண்ணிக்கலாம். அவர மேல வரச் சொல்லுங்க."

கோகுல்ராஜ் வந்தான். தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. பெரியப்பா வீட்டாரோடு போகும் நாளில் நல்ல செருப்பை அவன் போடுவதில்லை. நிலைப்படியில் கழற்றியவன், சுகிர்தாவைப் பார்த்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"எங்க வைக்கட்டும் பெரீம்மா?"

"என்ன ஏன்டா கேக்கற? உங்கக்காவக் கேளு."

அவன் முகம் சிவந்தது. இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளை, தயங்கித் தயங்கி அவளெதிரே குந்தினான். "சுகிக்கா... இத எங்க வைக்க?"

சுகிர்தா வாங்கிக்கொண்டாள். வளர்மதி அப்போதுதான் கவனித்தாள், வரிசையில் நாலாவதாக வக்கீலம்மாவின் பழுப்புச் செருப்பு ஏறியிருந்தது. கைப்பிடிச்சுவருக்கு அப்பால் கீழே தெரு. வீசினால் பிடிக்கத் துரைராஜ் கையை நீட்டிக்கொண்டு நின்றார். சுகிர்தா ரப்பர் செருப்பைத் திருப்பி, அதன் அடியில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் மெதுவாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.