நாலாம் கடைக்கு முதலிடம்

படுக்காத மெத்தையைப் பற்றி ஆயிரம் சொல் எழுதியிருக்கிறேன். துவைக்காத வாஷிங் மெஷின், ஏறாத சைக்கிள், வாங்க வக்கில்லாத ஏசி என்று எட்டு மாதமாக இதுதான் பிழைப்பு. எதை வாங்கலாம் என்று தேடி எங்கள் இணையதளத்துக்கு வருகிறவர்களுக்கு நாலு பொருளை ஒப்பிட்டு வரிசை போட்டுக் கொடுப்போம். எழுதுவது நான். கட்டுரையின் தலையில் இருப்பது எடிட்டர் பெயர். "தளத்துக்கு ஒரே முகம் இருக்கணும்மா, அப்பத்தான் நம்புவாங்க" என்பார். முகம் அவருக்கு, முதுகுவலி எனக்கு.

ஒரு திங்கட்கிழமை என் மேசைக்கு வந்து நின்றார்.

"நீ வாராவாரம் பகடை உருட்டப் போறியாமே?"

"ரோல்பிளே விளையாட்டு சார். ஞாயித்துக்கிழமை, அஞ்சு பேர் சேருவோம்."

"அதேதான். அந்தப் புத்தகத்தையெல்லாம் இப்ப பிடிஎஃப்பா விக்கிறாங்களாம். பெரிய கடை நாலு இருக்கு. எது நல்லதுன்னு எழுது. வாங்கிப் பார்த்தே எழுது, ஆபீஸ் செலவு."

வாங்கிப் பார்த்து எழுது என்று அந்த அலுவலகத்தில் ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"இதுல என் பேரைப் போடணும் சார். இது எனக்குத் தெரிஞ்ச விஷயம்."

"முதல்ல எழுதும்மா. பேரு எங்க ஓடிடப் போகுது."

வீட்டில் அப்பா குழாயடியில் கைகழுவிக்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுது பார்ப்பவர். சோப்புத்தூள் போட்டு மூன்று முறை தேய்த்தாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாது.

"என்ன விளையாட்டும்மா அது?" என்றார்.

"ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கிட்டு உக்காந்து கதை விடுவோம்பா. ஒருத்தர் திருடன், ஒருத்தர் மந்திரவாதி. நினைச்சது நடந்துச்சா இல்லையான்னு பகடை சொல்லும்."

"கதை விடுறதுக்குப் புத்தகமா? உங்க சித்தப்பன் புத்தகம் இல்லாமலே விடுவானே."

"அவரு விதி இல்லாம விடுவாரு. இதுக்கு முந்நூறு பக்கம் விதி இருக்கு."

அப்பா அதை ஒத்துக்கொண்ட மாதிரி தலையாட்டினார். "நீ எழுதுறதுல இந்தத் தடவையாவது உன் பேரு வருமா?"

"தெரியலப்பா."

"அதெப்படி? நான் லிஃப்ட் பார்த்தா அட்டையில கையெழுத்துப் போட்டாகணும். நாளைக்கு நடுவுல நின்னா யாரைப் பிடிக்கிறது?"

ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவர். என் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அதில் என் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது, அந்தப் பெயரை வேறெங்கும் காணோம் என்பது அவருடைய கணக்கு.

ஒரு வாரம் நாலு கடைகளிலும் குடியிருந்தேன்.

முதல் கடை கடல். எல்லாம் கிடைக்கும், தேடினால் மூச்சு முட்டும். ஆனால் ஆசிரியர் பிழை திருத்தினால் புதிய பிரதி தானாக வந்து சேரும். நகலெடுத்து ஊருக்கே கொடுத்தால் கொடுத்தவர் யாரென்று தெரியட்டும் என்று, வாங்கியவர் பெயரை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொடி எழுத்தில் அச்சடித்துவிடுவார்கள். இரண்டாவது கடையில் ஒரே பக்கத்தில் முடிகிற விளையாட்டுகூட உண்டு. எழுதினவருக்குக் கூடுதல் பங்கு போகும், ஆனால் தங்கமும் தகரமும் ஒரே தட்டில் கிடக்கும். மூன்றாவது கடை மூட்டை வியாபாரம். ஒரு புத்தகத்துக்கு ஆசைப்பட்டு அறுபது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவோம், ஆயுசுக்கும் திறக்க மாட்டோம்.

நாலாம் கடை பார்க்க லட்சணம். எழுத்து தெளிவு, பகடைகூடத் திரையிலேயே உருளும். ஒரே ஒரு சங்கதி, புத்தகத்தை இறக்கிக்கொள்ள முடியாது. அவர்கள் தளத்துக்குள் போய்த்தான் படிக்க வேண்டும். போன வருடம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அங்கே மூன்று புத்தகம் வாங்கியது. பதிப்பகத்துக்கும் கடைக்கும் ஏதோ தகராறு. ஒரு ஞாயிறு தளத்தைத் திறந்தால் எங்கள் புத்தக அலமாரி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சுரங்கத்தின் நடுவில் பூதத்தின் எதிரே நிற்கிறோம், அதை எத்தனை அடி அடித்தால் சாகும் என்று ஒருவருக்கும் தெரியாது. கூட்டத்தில் மூத்தவரான பல் டாக்டர் பூதத்தோடு சமாதானம் பேசி எங்களைக் காப்பாற்றினார். அதனால் நாலாம் கடைக்கு நாலாம் இடம் கொடுத்தேன். காசு கொடுத்தும் நம்முடையதாகாத பொருளை விற்கிறவர்களுக்கு அதுவே அதிகம்.

வெள்ளிக்கிழமை கட்டுரை வந்தது. நாலாம் கடைக்கு முதலிடம். 'இறக்க முடியாது' என்ற பத்தியையே காணோம். தலையில் எடிட்டர் பெயர்.

அவர் அறைக்குப் போனேன். கண்ணாடி அறை. ஏசி ஒழுகி ஒரு வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது, அதுவும் நாங்கள் பரிந்துரைத்த ஏசிதான்.

"வரிசை மாறியிருக்கு சார்."

"அவங்க நமக்குக் கமிஷன் தர்றாங்கம்மா. நம்ம லிங்க்ல போய் வாங்கினா நமக்கு ஒரு பங்கு. உலக நடப்பு."

"அதைக் கட்டுரையில சொல்லலையே."

"கல்யாண வீட்டுல வந்து கடன் கதை பேசுவாங்களா? போய் அடுத்ததைப் பாரு. ஆங், வாங்கினதுக்கு ஆதாரமா முதல் கடைப் புத்தகத்துல ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. நான் சேத்துக்கிறேன்."

நானே கட்டுரையைத் திருத்த வழியில்லை. யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உள்ளே கைவைக்க முடியும், எடிட்டர் போட்ட பூட்டு. என் இடத்துக்கு வந்து முதல் கடையின் கணக்கைத் திறந்தேன். முதல் பெயர் என்ற கட்டத்தில் 'நாலாம் கடை' என்று எழுதினேன். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் 'கமிஷன் தருகிறது'. கடை ஒரு கேள்வி கேட்கவில்லை. புத்தகத்தை மறுபடி இறக்கினேன். முந்நூறு பக்கத்திலும் அடியில் சின்னதாக, அழகாக அச்சாகியிருந்தது. பன்னிரண்டாம் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். எடிட்டர் பெரிதாக்கிப் பார்க்காமல் ஒட்டிவிட்டார்.

அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. இந்த விளையாட்டு ஆடுகிறவர்கள் பொடி எழுத்தைப் படிப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள். விதிக்கு விலக்கு எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பிடித்து நண்பனின் மந்திரவாதியைக் கொல்கிறவர்கள்.

இருபது நிமிடத்தில் முதல் பின்னூட்டம் வந்தது. எலும்புக்கூடு என்ற பெயரில் ஒருவர் கேட்டிருந்தார்: "'கமிஷன் தருகிறது' எந்த ஊர்க் குடும்பம்?" கீழே இன்னொருவர்: "வசதியான குடும்பம். முதலிடம் வரைக்கும் செல்வாக்கு." மதியத்துக்குள் இருநூறு.

எடிட்டர் கூப்பிட்டார். முகம் வெந்துபோயிருந்தது.

"இது உன் வேலையா?"

"எடுத்தது நான் சார். ஒட்டினது நீங்க."

சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"உனக்குப் பேருதானே வேணும்? இந்தா."

என் கண்ணெதிரே தன் பெயரை அழித்து என் பெயரைப் போட்டார். கீழே ஒரு குறிப்பும் எழுதினார்: இந்தக் கட்டுரையும் வரிசையும் முழுக்க எங்கள் புதிய எழுத்தாளருடையவை, எடிட்டருக்குத் தொடர்பில்லை.

எட்டு மாதம் கேட்டது கிடைத்தது, செருப்பில் சுற்றி. இடத்துக்கு வருவதற்குள் போன் அடித்தது. பல் டாக்டர்.

"என்னம்மா, அந்தக் கடைக்கா முதலிடம்? உன் பேரைப் பார்த்ததும் நம்பாம கண்ணாடியைத் தொடைச்சேன். எவ்வளவு குடுத்தாங்க?"

"அக்கா, அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க" என்று வைத்தேன். முன்பின் தெரியாதவர்கள் திட்டினால் துடைத்துக்கொள்ளலாம். பூதத்தின் முன்னால் பக்கத்தில் நின்றவர் அப்படிக் கேட்டால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

கட்டுரையைத் திறந்தேன். என் பெயர். அதன் பக்கத்தில், அதுவரை நான் பார்த்தேயிராத 'திருத்து' பொத்தான்.

வரிசையைப் புரட்டினேன். காணாமல் போன பத்தியை இருந்த இடத்தில் வைத்தேன். முதல் வரியாக ஒன்று சேர்த்தேன்: நாலாம் கடை இந்தத் தளத்துக்குக் கமிஷன் தருகிறது, அப்படியும் அதற்குக் கடைசி இடம்தான். எடிட்டருக்குத் தொடர்பில்லை என்ற அவருடைய குறிப்பைத் தொடவில்லை. அது உண்மை.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவர் திரையைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். மறுபடி தன் பெயரைப் போட்டால், தொடர்பில்லை என்று ஊரறிய எழுதிய கை ஒரு மணி நேரத்தில் பல்டி அடிக்க வேண்டும். அதைப் பார்க்க இருநூறு பொடியெழுத்துக்காரர்கள் காத்திருந்தார்கள். கடைசியில் எழுந்து வந்தார்.

"அந்தக் கமிஷன் வரியை மட்டும் எடுத்துடேன்மா."

"திருத்தம் ஏதும் இருந்தா மெயில்ல அனுப்புங்க சார்" என்றேன். "படிச்சுப் பார்க்கிறேன்."