இரண்டு சக்கரமும் ஒரே கை

2003 மே மாதம். காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்து கழுவிவிட்ட கூடத்தின் சிமெண்டுத் தரையில் என் தம்பி பிரகாஷ் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டான். அவன் கையால் செய்த வண்டி அதிலிருந்து கிளம்பி, பத்து மீட்டர் போய், தானாகவே திரும்பி, அதே வட்டத்துக்குள் நிற்க வேண்டும். நான்கு மணிக்கு பாலிடெக்னிக் சார் பார்க்க வருவார். நின்றால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அப்போது மணி இரண்டரை.

வண்டிக்குக் கண் கிடையாது. சக்கரங்கள் சுற்றுவதை எண்ணித்தான் தான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளும். இரண்டும் ஒரே எண்ணிக்கை சுற்றினால் நேராகப் போகிறோம் என்று அதற்கு நினைப்பு.

ஆறு தடவை விட்டான். ஆறு தடவையும் இடப்பக்கம் ஒதுங்கி, வட்டத்துக்கு ஐந்தடி தள்ளி நின்றது.

வலையோடு வந்த மாரியப்பன் மாமா சிரித்தார். "இன்னாடா, உன் வண்டி சரக்கு ஏத்திகினு வந்துச்சா?"

"நீ வேற மாமா, நானே பேஜார்ல கீறேன்."

வழுக்காமல் இருக்க, முதல் நாள் சக்கரங்களுக்கு வலைக்கயிறு சுற்றியிருந்தோம். இடது சக்கரம் நான், வலது அவன். குனிந்து கயிற்றில் நகத்தை அழுத்திப் பார்த்தேன். என்னுடையதில் நகம் இறங்கவில்லை. அவனுடையதில் இறங்கியது.

"டேய், நீ சுத்துனது தொளதொளன்னு கீதுடா!"

நூலால் இரண்டின் சுற்றளவையும் அளந்தோம். அவனுடைய சக்கரம் ஓர் அரிசி அகலம் பெரியது.

"ஒரு அரிசி தானேக்கா?"

"ஒரு சுத்துக்கு ஒரு அரிசி. போய்வர எத்தினி சுத்து?"

"அம்பது..." என்றவன் தலையில் அடித்துக்கொண்டான். "ரெண்டையும் நீயே சுத்துக்கா!"

அவன் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, நான் வலது சக்கரத்தின் கயிற்றைப் பிரித்து இழுத்து இழுத்துச் சுற்றினேன். விரல் அறுபட்டு எரிந்தது. நூல் அளவு ஒன்றானபோது வெளியே ஸ்கூட்டர் சத்தம்.

சோதித்துப் பார்க்க நேரமில்லை. சார் முன்னால் சுவிட்சைத் தட்டினான். வண்டி கோடு கிழித்தாற்போல் போனது, நின்றது, திரும்பியது. மீன் கூடைக்காரிகள் எழுந்து நின்று, முகத்துவாரத்தில் படகைப் பார்த்தாற்போல் "வா, வா" என்று கத்தினார்கள். பிரகாஷ் அதன் கூடவே குந்தியபடி தவளைபோல் தத்தி வந்தான். அவன் இறந்துபோய் ஐந்து வருடமாகிறது. எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தத் தத்தல்தான்.

வட்டத்துக்குள் நின்றது. ஒரு சக்கரம் மட்டும் கோட்டை மிதித்துக்கொண்டிருந்தது.

சார் குனிந்து பார்த்தார். "கோட்டுக்கு வெளியே போகலையே. பேரு எழுதிக்கிறேன்பா. கயிறு யாரு சுத்தினது?"

"எங்கக்கா சார்!" கூடம் முழுக்கக் கேட்டது.

"உன் வண்டிக்குப் போதை தெளிஞ்சிடுச்சிடா!" என்று மாரியப்பன் மாமா வலையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.