உள்ளே போக ஒரு குற்றம்

டார்கஸ் பிம் தன் வாழ்நாளில் உருப்படியாகத் திருடியது ஒரு செம்புக் கெண்டி. நாரிச் நகரில் ஒரு வீட்டு அடுப்பிலிருந்து, உள்ளே கொதிக்கும் வெந்நீரோடு அதைத் தூக்கிச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தாள். சால்வைக்குள்ளிருந்து ஆவி வரும் பெண்ணைப் பிடிப்பது காவலர்களுக்குச் சிரமமாக இருக்கவில்லை. நீதிபதி ஏழு ஆண்டு தீவாந்தரம் விதித்தார். கெண்டியை உரியவரிடம் கொடுத்துவிட்டு, அவளைக் கப்பல் ஏற்றி, உலகின் தென்கோடியில் கைதிகளைக் குடியேற்றும் ஹோபார்ட்டுக்கு அனுப்பினார்கள்.

ஹோபார்ட்டில் மலையடிவாரத்தில் பெண்கள் சிறை இருந்தது. ஊரார் அதைத் தொழிற்சாலை என்றுதான் சொல்வார்கள். அங்கிருந்து வீட்டு வேலைக்கு அனுப்புவார்கள். வேலையில் தவறு செய்தால் திரும்ப உள்ளே போட்டுத் துணி துவைக்க வைப்பார்கள். முதலில் வேலைக்குப் போன வீட்டில் டார்கஸ் செய்த தவறு, குழந்தை உண்டானது. குழந்தையின் தகப்பன் திமிங்கிலம் பிடிக்கப் போய்விட்டான். திமிங்கிலத்துக்கு அவன் எங்கே என்று தெரிந்திருக்கலாம். மகன் ஆம்ப்ரோஸ் தாய்ப்பால் மறந்ததும், அவனை உள்ளேயே குழந்தைகள் பகுதியில் விட்டுவிட்டு அவளை மறுபடி வேலைக்கு அனுப்பினார்கள். விதி அப்படி. விதியைப் பற்றி யாரும் அவளிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை.

இந்த முறை வாய்த்தது திருமதி கிரைஸ் வீடு. கிரைஸ் அம்மாள் துறைமுகத்தில் கயிறும் பாய்மரத் துணியும் விற்பவரின் மனைவி. வெள்ளை உறை போட்ட நாற்காலிகளும், அதில் யாராவது உட்கார்ந்துவிடுவார்களோ என்ற கவலையும் உள்ளவள். இதற்கு முன் இருந்த வேலைக்காரிகள் சுட்ட ரொட்டியை நாய் முகர்ந்துவிட்டுப் போய்விடும். டார்கஸ் சுட்ட ரொட்டி உப்பியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு மரியாதை.

இலையுதிர்காலத்தில் ஒருநாள் சலவைக்காரி பெக் கொல்லைப்புற வேலியருகே வந்து நின்றாள். தொழிற்சாலைக்கு உள்ளும் புறமும் மூட்டை சுமப்பவள் அவள்.

"குழந்தைங்க பக்கம் ஒரே இருமல் அக்கா. நேத்து ரெண்டு போச்சு."

"என்னோடதா?"

"பேரு யாரு சொல்றா? பெட்டியத்தான் பாத்தேன். சின்னப் பெட்டி."

டார்கஸ் உடனே போய், பிள்ளையை ஒருமுறை பார்த்துவர அனுமதி கேட்டாள். அதற்கெல்லாம் வழியில்லை, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றாள் கிரைஸ் அம்மாள். அது பொய்யும் இல்லை. புதிதாகத் தண்டனை பெற்றவளுக்குத்தான் அந்தக் கதவு திறக்கும். தண்டனை கிடைக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரி மாஜிஸ்திரேட்டிடம் புகார் சொல்ல வேண்டும். ஆகவே டார்கஸ் குற்றம் செய்யத் தீர்மானித்தாள். எப்படியும் பழகிய தொழில்தானே என்று நினைத்தாள்.

முதலில் பாதிரியார் வந்திருந்தபோது மாலுமிகள் பாடும் ஒரு கொச்சையான பாட்டைப் பாடினாள். அது நாரிச் பக்கத்துத் தோத்திரப் பாடல் என்று கிரைஸ் அம்மாள் விளக்கம் சொன்னாள். பாதிரியார் இரண்டாவது சரணத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு ரம் குடித்தாள். அவளுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் படுத்துவிட, அம்மாளே கஞ்சி வைத்துக் கொடுத்தாள். ஒரு பகல் முழுவதும் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைச் சுற்றினாள். பிடித்துவந்த கான்ஸ்டபிளிடம், நான்தான் முட்டை வாங்க அனுப்பினேன் என்றாள் அம்மாள். கடைசியில் டார்கஸ் வெள்ளிக் கரண்டியைத் திருடித் தன் தலையணைக்கு அடியில், பாதி வெளியே தெரியும்படி வைத்தாள். மறுநாள் கரண்டி அலமாரியில் இருந்தது. தலையணைக்குப் புது உறை போட்டிருந்தது.

பொறுக்கமுடியாமல் தானே மாஜிஸ்திரேட்டிடம் போனாள். எஜமானியின் புகார் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்று சொல்லி, அவளுடைய நேர்மையைப் பாராட்டி அனுப்பிவைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு விருந்தாளிகள் வந்தார்கள்: பாதிரியாரும், சுங்க குமாஸ்தாவின் மனைவி திருமதி பாட்டிங்கரும். மேசையில் பிளம் கேக். டார்கஸ் சில நாட்களாகச் சரியாகத் தூங்கவில்லை. கேக்கை வெட்டினாள். ஒரு துண்டு பெரிதாக விழுந்துவிட்டது. கைதிக் கப்பலில் இதற்கு ஒரு முறை உண்டு. ஒரே பானையில் உண்ணும் பெண்களில் ஒருத்தி முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இன்னொருத்தி ஏதாவதொரு துண்டின்மேல் கத்தியை வைத்துக் கேட்பாள். திரும்பி நிற்பவள் பார்க்காமலே ஒரு பெயரைச் சொல்வாள். பெரிய துண்டு யாருக்குப் போனாலும் சண்டை வராது. தூக்கக் கலக்கத்தில் டார்கஸின் கை பெரிய துண்டின்மேல் கத்தியை வைத்தது. வாய் தானாகக் கேட்டது.

"இது யாருக்கு?"

மேசைக்கு முதுகு காட்டி ஜன்னல் திரையை இழுத்துக்கொண்டிருந்த கிரைஸ் அம்மாள், வரவேற்பறைக் குரலில் இல்லாமல் வேறொரு குரலில் பட்டென்று சொன்னாள்:

"சாலிக்கு."

அந்த அறையில் சாலி என்று யாரும் இல்லை.

ஹோபார்ட்டில் எதைப் பற்றியும் பேசலாம். எந்தக் கப்பலில் வந்தீர்கள் என்று மட்டும் கேட்கக்கூடாது; பாதி ஊர் கைதிக் கப்பலில் வந்ததுதான். திருமதி பாட்டிங்கர் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் அது புரிந்திருக்கக்கூடாத விஷயம் என்பது அவளுக்கு உறைத்தது. கேக் தொண்டையில் சிக்கியதுபோல் இருமினாள். கேக் இன்னும் தட்டுக்கே வரவில்லை. காசு கொடுத்துப் பயணச்சீட்டு வாங்கி வந்த பாதிரியார் மட்டும், சாலி யார் என்று அன்போடு விசாரித்தார்.

"பூனை," என்றாள் கிரைஸ் அம்மாள்.

அந்த வீட்டில் பூனை கிடையாது.

விருந்தாளிகள் போனதும் அவள் சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"எந்தக் கப்பல்னு கேக்கப்போறியா?"

"கேட்டா என்ன செய்வீங்க?"

"மாஜிஸ்திரேட்டு முன்னால நிறுத்துவேன். மரியாதையா உன் வேலையப் பாரு."

டார்கஸ் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"எந்தக் கப்பல்லம்மா வந்தீங்க?"

அம்மாள் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். பிறகு, "உள்ள யாருடி இருக்கா உனக்கு?" என்றாள்.

"என் பையன்தாம்மா. ஆம்ப்ரோஸ். இருக்கானான்னு தெரியல."

மறுநாள் மாஜிஸ்திரேட் முன் கிரைஸ் அம்மாள் வாய்த்துடுக்கு என்று புகார் சொன்னாள். என்ன பேசினாள் என்று அவர் கேட்டார். இருவருமே சொல்லவில்லை. பேசிய வார்த்தை தெரியாமல் தண்டிக்க முடியாது என்று அவர் பேனாவைக் கீழே வைத்தார். டார்கஸ் மேசையருகே போனாள். அவளே பாட்டைச் சொன்னாள், ரம்மைச் சொன்னாள், ஊர் சுற்றியதைச் சொன்னாள், கரண்டியைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் கிரைஸ் அம்மாள், ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினாள். இதையெல்லாம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று எஜமானியைக் கேட்டார் அவர்.

"ரொட்டி நல்லா சுடுவா ஐயா."

இது அவருக்குப் புரிந்தது. அவர் வீட்டிலும் அந்தப் பிரச்சினை இருந்தது. தலையை மொட்டையடித்து ஆறு மாதம் தொழிற்சாலையின் குற்றவாளிப் பிரிவில் துணி துவைக்கும்படி தீர்ப்புச் சொன்னார். டார்கஸ் நன்றி சொல்ல வாயெடுத்தாள். தண்டனையைக் குறைத்துவிடப்போகிறாரே என்று பயந்து, முகத்தை அழுவதுபோல் வைத்துக்கொண்டாள்.

வெளியே படியிறங்கும்போது கிரைஸ் அம்மாள் வேறெங்கோ பார்த்தபடி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"துவைக்கற எடத்துல வலது கோடில இருக்கற தொட்டியப் பிடிச்சுக்கோ. அதுலேருந்துதான் குழந்தைங்க கதவு தெரியும்."

வலது கோடித் தொட்டியில் ஏற்கனவே ஒருத்தி இருந்தாள். டார்கஸ் தன் இரவு ரொட்டியைக் கொடுத்து அந்த இடத்தைப் பிடித்தாள். மறுநாள் மலையைத் தாண்டி வெயில் முற்றத்தில் கொஞ்சம் விழுந்தபோது கதவு திறந்தது. குழந்தைகளை வெளியே விட்டார்கள். எல்லாரும் ஒரே சாம்பல் நிற அங்கி, ஒரே ஒட்ட வெட்டிய தலை. ஆம்ப்ரோஸ் என்று கூப்பிட்டாள். ஒரு குழந்தையும் திரும்பவில்லை. அங்கே யாரும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிறகு ஒவ்வொரு குழந்தையின் காதையும் பார்த்துக்கொண்டே வந்தாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒன்றுக்குத் தகப்பனின் விரிந்த காதுகள் இருந்தன.

அவன் அவளைப் பார்த்தான். வாயைத் திறந்து வீறிட்டு அழுதான்.

"உன்னப் பாத்துதான் பயப்படுறான்," என்றாள் பக்கத்துத் தொட்டிக்காரி.

"இரு, பேசாத," என்றாள் டார்கஸ்.

அந்த அழுகையைக் கடைசிவரை நின்று கேட்டாள். மூச்சை இழுத்து இழுத்து அழுதான். நடுவில் ஒருமுறைகூட இருமவில்லை. அவன் ஓய்ந்த பிறகு துணியை எடுத்துத் தொட்டியில் போட்டாள்.