நீலக் கன்னம்

பிரபாவதி பிறந்தபோதே இடது கன்னத்தில் நீலமாக ஒரு திட்டு இருந்தது. அவள் வளர வளர அதுவும் வளர்ந்தது. குனிந்தால் புடைக்கும், நிமிர்ந்தால் மெல்ல வடியும். சிறுவயதில் ஒருமுறை அதை வெட்டியெடுக்க முயன்றார்கள். இரத்தம் நிற்கவில்லை. பாதியிலேயே தைத்து மூடி, உயிர் பிழைத்ததே பெரிது என்று அனுப்பிவிட்டார்கள். நர்ஸ் வாரிக்கொண்டு போன துணிகளை அவள் அம்மா சந்திரா பார்த்திருந்தாள். அதன்பிறகு வீட்டில் யாரும் சிகிச்சை என்ற பேச்சையே எடுக்கவில்லை.

பிரபாவதி இப்போது நெய்வேலி நகரியத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. கணவன் கருணாகரனுக்குச் சுரங்கத்தில் வேலை. அம்மாவும் அவர்களோடு குவார்ட்டர்ஸில்தான் இருந்தாள். போன வருடம் வீக்கம் உதட்டைக் கடந்து நாக்கின் ஓரத்துக்கு இறங்கியது. சொற்கள் குழறின. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. ஒருநாள் பாடம் நடத்தும்போது நாக்கு பல்லில் பட்டுக் கிழிந்தது. சேலை முன்புறமெல்லாம் இரத்தம். முன்வரிசைப் பிள்ளைகள் அழுதுவிட்டார்கள்.

கருணாகரன் அவளைப் புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். டாக்டர் காயத்ரி ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டினார்.

"இது புத்துநோய் இல்லம்மா. பிறக்கும்போதே சரியா உருவாகாத ரத்தக்குழாய்ங்க. ரத்தம் ஓடாம தேங்கி நிக்குது. கத்தி வைக்க வேணாம். ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஊசி வழியா மருந்து விடுவோம். குழாயோட சுவர் ஒட்டி, கொஞ்சங்கொஞ்சமா சுருங்கும்."

"முழுசா போயிடுமா டாக்டர்?" என்று கேட்டான் கருணாகரன்.

"போகாது. ஆனா சாப்பிடலாம், பேசலாம், தூங்கலாம். ஒரே தடவையில முடியாது. ஊசி போட்டதும் முதல்ல வீங்கும். நாக்குப் பக்கம்ங்கறதால மூச்சுக்குக் குழாய் வைக்க வேண்டியிருக்கும். பயந்துடக் கூடாது."

வீட்டுக்கு வந்து கருணாகரன் சொன்னதைச் சந்திரா கேட்டுவிட்டு எழுந்துபோய் அடுப்படியில் நின்றுகொண்டாள். "ஊசின்னுதான் சொல்லுவாங்க மாப்பிள்ள. நான் வரல" என்றாள்.

வராமல் இருக்க முடியவில்லை. முதல் ஊசி போட்ட மறுநாள் அவள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, தீவிர சிகிச்சைப் பிரிவில் மகளின் முகம் இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. இடது கண் திறக்கவில்லை. வாயில் குழாய்.

"மாப்பிள்ள, இது யாரு?" என்று கேட்டாள் சந்திரா.

பிரபாவதி அம்மாவின் கையைத் தேடிப் பிடித்து, உள்ளங்கையில் விரலால் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்: வலிக்கல. அது பொய் என்று மூவருக்கும் தெரிந்திருந்தது.

குழாயை எடுத்த பிறகும் வீக்கம் வடிய வெகுநாள் ஆயிற்று. கஞ்சிதான் இறங்கியது. பிறகு கன்னம் சற்றே கெட்டிப்பட்டுச் சிறுத்தது. அடுத்த ஊசிக்குத் தேதி வந்ததும் பிரபாவதி படுக்கையில் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"போதும்மா. இவ்வளவு கொறைஞ்சதே போதும். இன்னொரு தரம் என்னால முடியாது."

சந்திரா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பாதியில விட்டத நான் ஒரு தரம் பாத்துட்டேன் பிரபா" என்றாள். "எந்திரி. நானும் வரேன்."

அதற்குப் பின் எல்லா முறையும் அவள் உடன் போனாள். ஒவ்வொரு முறையும் வீக்கம், ஒவ்வொரு முறையும் கஞ்சி. மழைக்காலம் முடிவதற்குள் நாக்கு அடங்கியது, உதடுகள் மூடின. கன்னத்தில் நீலம் மட்டும் நின்றுவிட்டது. வருடங்கள் கழித்து மறுபடி புடைக்கலாம், அப்போது மறுபடி பார்ப்போம் என்றார் டாக்டர். "வரோம்" என்று சந்திராதான் பதில் சொன்னாள்.

திரும்பும் வழியில், பண்ருட்டி தாண்டியதும் பிரபாவதி அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். நீலக் கன்னம் தோளில் அழுந்தியிருந்தது. நெய்வேலி வரும்வரை சந்திரா அசையவே இல்லை.