செப்புப் பட்டை மாட்டாத பேட்டரி

1

ஒளிப்பானேன், இந்தக் கதை ஒரு டம்ளர் டீயில் தொடங்கியது. ஓடி ஓய்ந்த மின்சாரக் கார்களின் பேட்டரியை அரைத்து, அந்தக் கரும்பொடியிலிருந்து லித்தியமும் கோபால்ட்டும் எடுக்கிற ஆலை ஒன்றைப் பற்றி ஒரு பத்திரிகையில் கட்டுரை கேட்டிருந்தார்கள். போனேன். முதல் கொட்டகையில் மீட்டரும் கையுமாக நின்ற பெண் டீ கொடுத்தாள். ஆலையில் அவளுக்கு மீட்டரக்கா என்று பெயர்.

"எதுல கொதிச்சதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள்.

அரைக்கும் முன் பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடித்தாக வேண்டும். சுருள் கம்பி வழியாக வடிக்கிறார்கள். கம்பி பழுக்கிறது; சூட்டை வீணாக்குவானேன் என்று அதன்மேல் கெட்டிலை வைத்துவிடுகிறார்கள். செத்த கார்களின் கடைசிச் சூட்டில் போட்ட டீ. நன்றாகத்தான் இருந்தது, இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

2

[கதைக்கு முதல் தொடக்கம்: "அன்று காலை வானம் கருத்திருந்தது." அடித்துவிட்டேன். வானத்துக்கு ஆலையில் என்ன வேலை?]

[இரண்டாவது: "அவள் செப்புப் பட்டையை எடுத்து" — இதைப் பாதியில் விட்டேன். காரணம் பின்னால் வரும்.]

வடித்து முடித்த பேட்டரி பிணமாகக் கிடக்கும். மறுநாள் காலை மீட்டரை வைத்தால் நாலைந்து வோல்ட் தலைகாட்டும். ஆலையில் இதை மூச்சு என்கிறார்கள். மறுபடி வடிப்பார்கள், மூச்சு குறையும். கடைசியில் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு செப்புப் பட்டையை மாட்டிவிட்டால் மூச்சு அதோடு சரி. மேலே கருப்புத் தாள் சுற்றி, 'பட்டை மாட்டியது' என்று சீட்டு ஒட்டி அரவைக்கு அனுப்புவார்கள். அங்கே தாளைப் பிரித்துப் பார்ப்பவர் கிடையாது. மீட்டரக்காவின் கையெழுத்து இருந்தால் போதும்.

மூச்சுள்ள பேட்டரி அரவைக்குள் போனால் தீப்பிடிக்கும். அருகில் நிற்பவர் தப்புவது கஷ்டம்.

3

இரண்டாவது டம்ளரின்போது அவள் தன் தங்கையைப் பற்றிச் சொன்னாள். எட்டு மாதத்துக்கு முன் தங்கையின் கார் சாலையோரம் நின்றிருந்தது. கதவு திறந்திருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது, தங்கையைக் காணோம். காவல் நிலைய முற்றத்தில் மழையில் கிடந்து வீணான கார், ஏலத்தில் கைமாறி, அதன் பேட்டரி இவள் மேசைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. சீட்டில் இருந்த வண்டி எண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாளாம்.

வடித்தாள். மறுநாள் ஒன்பது வோல்ட். வடித்தாள். இருபத்தொன்று. வடித்தாள். நாற்பது.

"குறையத்தானே செய்யணும்?" என்று கேட்டேன்.

"செய்யணும்" என்றாள். "மூச்சு இருக்கறவரைக்கும் அவளும் எங்கயோ இருக்கான்னு தோணுது. பட்டைய எப்படி மாட்டறது, சொல்லுங்க."

காலி டம்ளரை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

4

கட்டுரைக்குப் பதில் கதையே எழுத உட்கார்ந்தேன். இதுவரை அவள் சொன்னது. இனி நான் சேர்த்தது. கதை என்றால் யாருக்காவது ஆபத்து வேண்டுமே என்று அவளுக்கு ஒரு தம்பியை உண்டாக்கினேன். அவனை அரவை இயந்திரத்தில் நிற்க வைத்தேன். காணாமல் போனவள் அவனுக்குச் சின்னக்கா. பேட்டரி யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. (பாத்திரம் சற்றுத் தட்டையோ என்று சந்தேகம் இருந்தது. போகட்டும், உப்புக்குச் சப்பாணி என்று விட்டுவிட்டேன்.)

அந்தப் பேட்டரியின் சூட்டில் மீட்டரக்கா போட்ட டீயை அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, "யாருக்கா போட்டது? சின்னக்கா போடற மாதிரியே இருக்கு" என்று சொல்வதாக எழுதினேன். அன்றே அவள் பட்டை மாட்ட மனம் வராமல், அனுப்பாமல் வைத்திருக்கவும் முடியாமல், மாட்டியதாகச் சீட்டில் எழுதி, தாளைச் சுற்றிவிடுகிறாள் என்றும் எழுதினேன்.

தொழில் விவரம் சரியா என்று பார்க்கச் சொல்லி, முடிவு இல்லாத அந்தப் பிரதியைப் போன வாரம் அவளுக்கு அனுப்பினேன்.

5

இன்று மத்தியானம் போன் வந்தது.

"வோல்ட் கணக்கெல்லாம் சரியா இருக்கு" என்றாள். "என் தம்பியப் பத்தி உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. நானா எழுதினது."

"டீ குடிச்சிட்டு அவன் அப்படிச் சொன்னது நேத்துதாங்க. நீங்க அனுப்பினது போன வாரம்."

சீட்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"நீங்க எழுதின மாதிரியேதான். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு அவன் மிஷின்ல அதுதான் முதல்ல." பிறகு, கடையில் மிச்சச் சாமானைக் கேட்பதுபோல் கேட்டாள்: "கடைசிப் பக்கம் இல்லையே. எழுதி அனுப்பிடுங்க. பாத்துட்டு அதுபடி செய்யறேன்."

தாளை இப்போதே பிரியுங்கள், தம்பியிடம் சொல்லுங்கள் என்று கத்தினேன்.

"எழுதி அனுப்புங்க" என்று வைத்துவிட்டாள். திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை.

6

[முடிவு அ: பட்டையை மாட்டுகிறாள். தம்பி பிழைக்கிறான். அந்த நொடியில் எங்கோ ஓர் அறையில் ஒரு பெண்]

[முடிவு ஆ: மாட்டவில்லை. எட்டு மணிக்குத் தம்பி பொத்தானை]

இரண்டையும் முடிக்க எனக்குத் துணிவில்லை. நான் எழுதினால் நடந்துவிடுகிறது. இதைப் படிக்கிற நீங்கள் எழுதினால் வெறும் கதையாகவே நின்றுவிடலாம், அந்த நப்பாசையில்தான் கேட்கிறேன். இல்லை, நீங்கள் எழுதுவதும் நடக்கும் என்றால், என்னை மன்னித்துவிடுங்கள். ஒரே ஒரு சொல்தான் பாக்கி. வாக்கியத்தை விட்ட இடத்திலேயே தருகிறேன்.

அவள் செப்புப் பட்டையை எடுத்து