கானுக்கு அந்தப் பக்கத்துக் கந்தப்பன்

1999ஆம் ஆண்டு பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, நோட்டன் பிரிட்ஜ் வீதியை ஒட்டிய கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தில் கந்தப்பன் இரண்டு பேரானார். அன்று மழை இல்லை. ஹட்டனில் கரட் விலை சற்று இறங்கியிருந்தது. லயத்து வீடுகளுக்கு முன்னால் தண்ணீர் ஓடும் கானுக்கு இந்தப் பக்கம், தன் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில், பெரிய கங்காணியாக இருந்த பாட்டனாரின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு கந்தப்பன் நாற்காலியில் இருந்தார். கானுக்கு அந்தப் பக்கம், காலையில் அதே தோட்டத்துச் சோலைமலையின் லீக்ஸ் பாத்தி இருந்த இடத்தில், அதே வீடு இவரைப் பார்த்தபடி நின்றது. அதன் இஸ்தோப்பில் அதே கோட்டும் அதே மீசையுமாக இன்னொரு கந்தப்பன் இருந்தார்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கந்தப்பனின் மகள் சுதர்ஷினி, ஹட்டனில் ஒரு ஆணிக்கடைக்கு மேல்மாடியில், கணினியில் கட்டட வரைபடம் போடப் படித்துக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆரூரன் மாஸ்டர், முதல் பரீட்சைக்கு அவரவர் வீட்டை அளந்து வரையச் சொல்லியிருந்தார். கங்காணி வீட்டை அளப்பதற்குத் தகுதியான ஆள் வேறு யாரும் இல்லாததால் நாடாவின் மறுமுனையைக் கந்தப்பனே பிடித்தார். கட்டடத்தின் உயரம் விளங்குவதற்காக வாசலில் ஒரு மனித உருவத்தை வைப்பது அந்தத் தொழிலின் வழக்கம். அதற்கென்று முகமில்லாத ஓர் ஆள் கணினிக்குள்ளேயே இருந்தான். இதைக் கேள்விப்பட்டதும் கந்தப்பன் கொதித்துப்போனார்.

"ஊரு பேரு தெரியாதவன நம்ம வாசல்ல நிறுத்துவியா? என்னையப் போடு. கோட்டோட போடு."

சுதர்ஷினி அப்படியே போட்டாள். வீட்டுக்கு ஒரு நாளும் மீசைக்கு மூன்று நாளும் ஆயின. பிறகு மாஸ்டர் 'மிரர்' கட்டளையைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு கோடு போட்டுக் காட்டினால், இந்தப் பக்கம் இருப்பதைக் கணினி அந்தப் பக்கம் கண்ணாடிபோலத் திருப்பி வைத்துவிடும். "பழசை அழிக்கவோ எண்டு கேக்கும், பிள்ளை. யோசிச்சு அடியுங்கோ" என்றார். சுதர்ஷினி கானைக் கோடாகக் காட்டினாள். கணினி கேட்டது. அப்பாவை அழிப்பது அவள் வளர்ந்த முறைக்கு ஒவ்வாது; வேண்டாம் என்று அடித்து, சேமித்துவிட்டு, பஸ் ஏறினாள். அவள் வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் பக்கத்து அடுப்பில் புகை வந்துகொண்டிருந்தது.

புதிய கந்தப்பனுக்கு எல்லாம் இடம் மாறியிருந்தது. இடது கையால் மீசையை முறுக்கினார். கோட்டின் பொத்தான்கள் மறுபக்கம் இருந்தன. அவருடைய மணிக்கூடு பின்னோக்கி ஓடியதால் அவர் மட்டும் நாளுக்கு நாள் சற்று இளமையாகத் தெரிந்தார். கந்தப்பனின் மனைவி காளியாயி, "ஒரு கோட்டத் தொவைக்கவே எனக்கு இடுப்பு ஒடியுது" என்று முனகிக்கொண்டே இரண்டாவது கோப்பைத் தேநீரைக் கானுக்கு மேலாக நீட்டினாள். மற்றவன் முதலில் எழுந்து மரியாதை செய்யட்டும் என்று கந்தப்பர்கள் இருவருமே காத்திருந்தார்கள்.

இப்படியே இருந்திருக்கலாம். ஆனால் சித்திரையில் மாரியம்மன் திருவிழா வந்தது. கோயிலில் தலையில் கட்டும் முதல் பரிவட்டம் நான்கு தலைமுறையாகக் கங்காணி வீட்டுத் தலைவருக்குத்தான். இரண்டாவது பரிவட்டக்காரனான சோலைமலை, லீக்ஸ் போன வயிற்றெரிச்சலோடு கோயில் கமிட்டியில் எழுந்தான். அசல் கந்தப்பன் யாரென்று தெரியும்வரை முதல் பரிவட்டத்தைத் தன் தலையில் கட்ட வேண்டும் என்றான். கமிட்டியும் தலையாட்டியது.

கந்தப்பன் மறுநாளே மகளோடு ஹட்டனுக்குப் புறப்பட்டார். பஸ்ஸின் பின்கதவால் ஏறிய மற்றவரும் எதிர் ஆசனத்தில் உட்கார்ந்து வந்தார். கணினித் திரையில் இரண்டு வீடுகளும் தெரிந்தன.

"எத அழிக்கணும், சொல்லுங்கப்பா."

ஒரு வலது விரலும் ஓர் இடது விரலும் ஒன்றையொன்று காட்டின. "அவன" என்றார்கள் இருவரும். சுதர்ஷினி இரண்டு மீசையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். "எங்க அப்பா மேல நான் கை வைக்க மாட்டேன். நீங்களே பாத்துக்கோங்க."

"ஐயாமார் ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியில நில்லுங்கோ" என்றார் ஆரூரன் மாஸ்டர். "அடுத்த வகுப்புப் பிள்ளையள் வந்திட்டுதுகள்."

திருவிழாவன்று பூசாரி பட்டுத்துணியோடு நிற்க, சோலைமலை கூட்டத்துக்குக் கேட்கும்படி சிரித்தான். "எது அசலு எது நகலுன்னு ஆத்தாளே கொழம்பிப் போயிருக்கா. அந்தப் பீச்சாங்கைக்காரனுக்கா கட்டப் போறீங்க?"

அந்தப் பக்கத்துக் கந்தப்பன் தலை குனிந்தார். இந்தப் பக்கத்துக் கந்தப்பன் அதைப் பார்த்தார். குனிந்திருந்தது தன் தலை. நான்கு தலைமுறையில் சோலைமலை வீட்டாருக்கு முன்னால் அந்தத் தலை குனிந்ததில்லை.

"எவன்டா எங்க வீட்டு ஆளப் பீச்சாங்கைன்னு சொன்னது? அவன் என் தம்பி! கொஞ்சம் பிந்திப் பொறந்தவன்."

"அம்பத்தெட்டு வருசம் பிந்தியா மாமா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். கந்தப்பன் காதில் வாங்கவில்லை. தம்பியின் தலையைப் பிடித்து நிமிர்த்தித் தன் தலையோடு சேர்த்து வைத்துக்கொண்டார். "கட்டுங்க பூசாரி."

பூசாரி ஒரு பரிவட்டத்தை இரண்டு தலைக்கும் சேர்த்துக் கட்டினார். துணி எட்டாததால் பூமாலை நாரால் முடிச்சுப் போட்டார். கோயிலைச் சுற்றி வரும்போது ஒருவர் வலமாகவும் மற்றவர் இடமாகவும் போகப் பார்த்ததில் இருவரும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். கமிட்டி கூடிப் பேசி, தேரை அவர்களைச் சுற்றி இழுத்துச் சென்றது.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தவர் சின்னக் கந்தப்பன் எனப்பட்டார். காளியாயி கானுக்கு மேல் ஒரு பலகை போட்டு, "கொழுந்தனாரே, சோறு ஆறுது" என்று கூப்பிடலானாள். சோலைமலைக்குச் சின்னக் கந்தப்பன் வீட்டுப் பின்பக்கக் கோடியில் பாத்தி கிடைத்தது. அங்கே லீக்ஸ் தலைகீழாக வளர்ந்தாலும் சந்தையில் யாரும் குறை சொல்லவில்லை. சுதர்ஷினி நுவரெலியாவில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். உயரம் காட்ட ஆளுக்குப் பதில் பூச்சாடி வைக்கிறாள். கோயில் கமிட்டி ஒவ்வொரு சித்திரையிலும் முதல் பரிவட்டத் துணி எடுக்க ஹட்டனுக்குப் போகும்போது, கடைக்காரர் எதுவும் கேட்காமல் ஒரு முழம் கூட்டியே வெட்டுகிறார்.